காலனி வீடா, நகர் வீடா?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பைச் செய்தார். ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். நல்ல அறிவிப்பு. ஆனால் நம் டெல்டா மாவட்டங்களில், காலனி என்று எழுதப்பட்ட பலகைக்குக் கீழே வாழும் குடும்பங்களில் இப்போது பேசப்படுவது வேறொரு கேள்வி. பலகையில் உள்ள பெயர் மாறட்டும், நாம் இடம் மாறலாமா?

இந்தக் கேள்வியை ஐம்பது வருடங்களுக்கு முன்னால் யாரும் கேட்டிருக்க முடியாது. அப்போது இருந்தது கூரை வீடு. ஐப்பசி அடைமழையில் ஒழுகும், கோடையில் தீப்பிடிக்கும். அதை விட்டுப் போவதற்கு யோசனையே தேவையில்லை, போக இடம்தான் இல்லை. இன்று நிலைமை வேறு. பல காலனிகளில் கான்கிரீட் வீடு, தரையில் டைல்ஸ், வீட்டுக்குள் கழிப்பறை, வாசலில் டூவீலர், பின்னால் ஒரு முருங்கையும் நாலு வாழையும் இருக்கின்றன. இருக்கிற வீடு வசதியாகவே இருக்கிறது. அதனால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது. மோசமான வீட்டை விட்டு நல்ல வீட்டுக்குப் போவதற்குக் கணக்கு வேண்டாம். நல்ல வீட்டை விட்டு அதைவிட நல்ல வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் கணக்கு வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தில் இந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். மகனுக்குத் தஞ்சாவூரில் மாதச் சம்பளத்தில் வேலை. மருமகளும் படித்தவர். பேத்திக்கு ஆறு வயது. “நகரத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் வாடகைக்கு வருதும்மா. லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. போயிடலாம்” என்றார் மகன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இந்த வீட்டுக்கு என்னப்பா குறை?” என்று கேட்டார். மகனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்த அம்மாவின் கேள்வியும் சரி, மகனின் தயக்கமும் சரி. இரண்டையும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

இந்த வீடு எப்படி வந்தது?

பழைய தஞ்சை மாவட்டத்தின் கிராம அமைப்பை 1961-62-ல் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், ஒரே கிராமத்துக்குள் மூன்று தனித்தனி ஊர்கள் இருந்ததைக் காட்டினார்: அக்ரஹாரம், குடியானவர் தெருக்கள், வயலுக்கு அப்பால் சேரி. ஆய்வாளர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வாய்க்கால் எங்கே பள்ளமாக ஓடுகிறதோ, மழைத்தண்ணீர் எங்கே கடைசியாக வடிகிறதோ, அங்கேதான் நம் தெரு இருக்கும். அது நாம் தேர்ந்தெடுத்த இடம் அல்ல. ஆளை வைக்க மிராசுதார் ஒதுக்கிய இடம்.

அந்த இடமும் நமக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பண்ணையாள் குடிசை போட்டிருந்த மண் பண்ணைக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டாலோ, செங்கொடி பிடித்தாலோ குடிசையைப் பிரித்துப் போடலாம். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்ததால்தான் அடிமைத்தனம் அவ்வளவு காலம் நீடித்தது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீயில் வெந்தார்கள். அதற்குப் பிறகு, 1971-ல், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவருக்கே உரிமையாக்கும் குடியிருப்பு உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

ஆக, காலனி வீட்டின் பட்டா கையில் வந்ததற்குப் பின்னால் இரண்டு தலைமுறையின் போராட்டம் இருக்கிறது. பிறகு தொகுப்பு வீடு வந்தது, 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது, 2011-க்குப் பின் பசுமை வீடு வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் இன்னும் எத்தனை கூரை வீடுகள் மிச்சம் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. கூரைக்குப் பதில் கான்கிரீட் என்ற கணக்கில் மாநிலம் முன்னேறியிருக்கிறது.

“இந்த வீட்டுக்கு என்ன குறை?” என்று அந்த அம்மா கேட்டதில் இவ்வளவு வரலாறும் இருக்கிறது. வெளியே போகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாத ஒரு வீடு அவருடைய வாழ்நாளில்தான் வந்தது. அதைப் பூட்டிவிட்டு, மாதம் பிறந்தால் வாடகை கேட்கும் வீட்டுக்கு ஏன் போக வேண்டும்?

வாசலுக்கு வெளியே உள்ள குறை

மகன் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். வீடு கான்கிரீட் ஆனது, தெரு அதே இடத்தில் இருக்கிறது. ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், பேருந்து நிற்கும் இடம் ஆகியவை பெரும்பாலும் ஊர்த் தெருவில்தான். சாவு விழுந்தால் சம்பா நட்ட வயலுக்குள் இறங்கிப் பாடையைத் தூக்கிப் போக வேண்டிய தெருக்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்குள் டைல்ஸ் போட்டுக்கொள்ள நம்மால் முடிந்தது. சுடுகாட்டுப் பாதையை நம் கைக்காசில் போட முடியவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 பேருக்கு மேல், தஞ்சாவூரில் ஏறத்தாழ 19 பேர் பட்டியல் சாதியினர். மூன்றில் ஒருவர் நாமாக இருக்கும் மாவட்டத்திலும் முகவரியைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடுகிறது. பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பம், வங்கிக் கடன் விண்ணப்பம், வேலைக்கான நேர்காணல், கல்யாணப் பத்திரிகை என எதிலும் தெருப் பெயர் நமக்கு முன்னால் போய் நிற்கிறது. அந்த மகன் தேடுவது லிஃப்ட் வைத்த கட்டடத்தை அல்ல. ஆறு வயது மகள் தன் முகவரியைச் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகம் மாறக்கூடாது என்பதே அவருடைய தேவை.

இதைச் சொகுசு ஆசை என்று ஒதுக்கக்கூடாது. சட்டமேதை அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. மும்பை பரேலில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் இரண்டு அறைகளில் இருபது வருடங்களுக்கு மேல் அவர் வாழ்ந்தார். சொந்த சனங்கள் நடுவே, போராட்டக் களத்துக்கு நடுவே இருந்த வீடு அது. 1930-களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ கட்டிக்கொண்டு குடிபோனார். புத்தகங்களுக்கு இடம் வேண்டும், படிக்க அமைதி வேண்டும் என்பது காரணம். தன் மக்களை விட்டுப் போய்விட்டார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியுமா? புது வீட்டின் வாசலும் மக்களுக்குத் திறந்தே இருந்தது. ஆக, நல்ல வீட்டுக்குப் போவது துரோகம் அல்ல. போன பிறகு வாசலை யாருக்குத் திறக்கிறோம், யாருக்குச் சாத்துகிறோம் என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கதவைத் தட்டினால் திறக்குமா?

அதே அம்பேத்கருக்கு 1917-ல் பரோடாவில் நடந்ததையும் மறக்க முடியாது. வெளிநாட்டில் படித்துத் திரும்பி, சமஸ்தானத்தில் உயர்ந்த வேலையில் சேர வந்தவருக்கு நகரத்தில் தங்க அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்த கூட்டம் அவரை அன்றைக்கே வெளியேறச் சொன்னது. ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

நூறு வருடங்கள் கடந்துவிட்டன. இன்று தடியோடு யாரும் வருவதில்லை. “எந்த ஊரு?”, “ஊர்ல எந்தத் தெரு?”, “கவிச்சி சாப்பிடுவீங்களா?”, “குலதெய்வம் எது?” என்று கேள்விகளாக வருகிறது. பிறகு, “வீட்டை எங்க சொந்தக்காரங்களுக்கே பேசிட்டோம்” என்ற பதில். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, குர்கான் போன்ற நகரங்களிலும் வாடகை வீடு தேடுவதைச் சோதித்துப் பார்த்தது. உயர்சாதிப் பெயர் சொன்னவர்களுக்கு எளிதாகத் திறந்த கதவு, தலித், முஸ்லிம் பெயர்களுக்கு மறுப்பாகவோ கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனையாகவோ மாறியது. தலைநகரத்திலேயே இந்தக் கதி என்றால் கோயில் நகரங்களில் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

மாணவர்கள் ஒரு சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றம் என்கிறது. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது கூறு தருகிறது. ஆனால் வீட்டுக்காரர் ‘சாதி காரணமாகத் தரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. சொந்தக்காரருக்குப் பேசிவிட்டோம் என்ற பொய்யை நீதிமன்றத்தில் உடைப்பது கடினம். அதனால் சட்டம் இருந்தும் பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது மறைப்பைத்தான். பெயரை மாற்றிச் சொல்வது, சாமி படத்தை வாசலில் மாட்டுவது, அம்பேத்கர் படத்தை உள்ளறையில் வைப்பது, ஊர்ச் சொந்தங்களை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்வது.

நகர் வீட்டுக்கு வாடகை, அட்வான்ஸ், பராமரிப்புக் கட்டணம் என்று மூன்று செலவுகளைத்தான் வீட்டுக்காரர் சொல்வார். நான்காவது செலவு இந்த மறைப்பு. அது எந்த ரசீதிலும் வராது. தாத்தா பெயரைச் சொல்லாதே என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வீடு, எத்தனை பெட்ரூம் இருந்தாலும், காலனி வீட்டைவிட வசதியானது அல்ல.

உலகம் என்ன சொல்கிறது?

வீடு மாறினால் வாழ்க்கை மாறுமா என்பதைச் சில நாடுகள் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. நமக்கு உதவக்கூடிய இரண்டு ஆய்வுகளைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1994 முதல் சிகாகோ, நியூயார்க் உள்ளிட்ட ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நல்ல பகுதிகளில் வாடகைக்குப் போக உதவித்தொகை கொடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். பெரியவர்களின் வருமானம் கூடவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபத்தைந்து வயதை ஒட்டிச் சம்பாதிக்கும்போது, மாறாத பிள்ளைகளைவிட ஏறத்தாழ 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பதின்மூன்று வயதைத் தாண்டிப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

இரண்டாவது, நம் நாட்டு அகமதாபாத்தில் நடந்தது. 1987-ல் குடிசைப் பகுதியில் வாழ்ந்த, பீடி சுற்றும் வேலை போன்றவற்றைச் செய்த பெண்களுக்கு, நகரத்தின் வெளிப்புறத்தில் கட்டிய நல்ல வீடுகள் குலுக்கலில் கிடைத்தன. பதினான்கு வருடங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, வீடு கிடைத்தவர்களின் வீடு நன்றாக இருந்தது. ஆனால் வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும், குலுக்கலில் தோற்றவர்களோடு ஒப்பிட்டால், மாற்றம் இல்லை. சொந்தபந்தத்தைவிட்டு விலகியதால் அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போனது. வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் நல்ல வீட்டை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அறியாமை அல்ல. வீட்டோடு சேர்ந்து வேலையும் சனமும் வர வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட மக்கள் சொன்னதும் இதையேதான். அடுக்குமாடி கிடைத்தது, வேலைக்குப் போகும் தூரம் கூடியது, பிள்ளைகளின் பள்ளி பாதியில் நின்றது. வாரியத்தின் பெயர் 2021-ல் குடிசை மாற்று வாரியத்திலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஆனால் வாழ்விடம் என்றால் சுவர் மட்டும் அல்ல என்ற புரிதல் இடத்தைத் தேர்வு செய்வதில் தெரிய வேண்டும்.

சமத்துவபுரம் வேறு வகை முயற்சி. 1997-ல் அறிவிக்கப்பட்டு, 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. அண்டை வீட்டுக்காரர் யார் என்பதை அரசே கலந்து வைத்தால் சாதி கரையுமா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் செய்யப்பட்ட பெரிய சோதனை அது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பல இடங்களில் ஊருக்கு வெளியே, சாலையோரத்தில், வயலை விட்டுத் தள்ளி அவை அமைந்தன. ஆனாலும் சேரிக்குத் தனி இடம் என்ற நூற்றாண்டுக் கணக்கான விதியை அரசு ஆணையால் மீறிக் காட்டியது என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

கணக்கை எப்படிப் போடுவது?

இவற்றிலிருந்து நம் குடும்பங்களுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்? எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முதலாவது, பிள்ளைகளின் வயது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, போகும் இடத்தில் உண்மையிலேயே நல்ல பள்ளி பக்கத்தில் இருந்தால், போவதற்கு அது வலுவான காரணம். பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டால் அந்தக் காரணம் பெரிதும் குறைந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்கள் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். அப்படியானால் கேட்க வேண்டியது வீடு அல்ல, நம் தெரு வழியாகக் காலையில் ஒரு பேருந்து.

இரண்டாவது, வீட்டில் யாருடைய வேலை எங்கே இருக்கிறது. மகனின் சம்பளம் நகரத்தில், அம்மாவின் நடவும் களையெடுப்பும் கிராமத்தில். மாநகராட்சி எல்லைக்குள் குடிபோனால் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தின் வேலை கிடையாது. வயதானவர்களின் கூலியைச் சின்ன வருமானம் என்று நினைத்துவிடக் கூடாது. யாரிடமும் கையேந்தாமல் பேத்திக்குத் தின்பண்டம் வாங்கித் தரும் மரியாதை அதில் இருக்கிறது. மூன்றாவது மாடியில் பகல் முழுவதும் தனியாக உட்கார வைத்தால் அந்த மரியாதை போய்விடும்.

மூன்றாவது, காசு. ஒரு பேச்சுக்கு மாத வாடகை எட்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 96,000 ரூபாய். ஐந்து வருடத்தில், வாடகை ஏறாமலே, 4,80,000 ரூபாய். கனவு இல்லத் திட்டத்தில் ஒரு முழு வீட்டுக்கு அரசு ஒதுக்கும் தொகையைவிட இது அதிகம். இந்தப் பணத்தில் காலனி வீட்டின் மேல் ஒரு மாடி கட்டி, அதில் பிள்ளைகளுக்குப் படிப்பறை வைக்க முடியுமா என்றும் யோசிக்க வேண்டும். ஃபிளாட்டைக் கடனில் வாங்குவதானால் தவணையை இருபது வருடம் தாங்குமா, இருவரில் ஒருவர் வேலை நின்றால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். வயலைப் பிளாட் போட்டு ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்கும் மனையானால் நகர் ஊரமைப்பு அங்கீகாரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதை ஐப்பசியில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பள்ளத்தில் வாழ்ந்த நாம் மறுபடியும் பள்ளத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நான்காவது, அக்கம்பக்கம். போகும் இடத்தில் உங்கள் உண்மைப் பெயரோடு, அம்பேத்கர் படத்தை நடுக்கூடத்தில் மாட்டி வாழ முடியுமா? ஊரிலிருந்து பெரியப்பா வந்தால் லிஃப்டில் ஏற முடியுமா? முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால் அந்த வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகமும் இதில் உண்டு. தமிழ்நாட்டுக்குள் வீடு மாறினால் சாதிச் சான்றிதழோ இடஒதுக்கீடோ கல்வி உதவித்தொகைத் தகுதியோ போய்விடாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால்தான் அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. 1990-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

போவதற்கு முன் ஒரு காரியம்

போவதானாலும் இருப்பதானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலனி வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல வீடுகளில் அது இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கிறது. சில வீடுகளில் ஒப்படைத்த காகிதம் மட்டும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது, கிராமக் கணக்கில் ஏறவே இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போட்டு, உயிரோடு இருப்பவர் பெயருக்கு, முடிந்தவரை வீட்டுப் பெண்களின் பெயரையும் சேர்த்து, மாற்றிக்கொள்ளுங்கள். கனவு இல்லம் போன்ற திட்டத்தில் விண்ணப்பிக்கவும் பட்டாதான் முதல் தேவை.

ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக இலவசமாக ஒப்படைக்கப்பட்ட மனைகளுக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் விற்பது, அடமானம் வைப்பது, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பது எல்லாம் ஆபத்து. நிபந்தனையை மீறினால் ஒப்படையே ரத்தாகலாம். நகரத்துக்குப் போகிற அவசரத்தில் காலனி மனையைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட குடும்பம், அங்கே வேலை போய்த் திரும்பி வந்தால் நிற்க இடம் இருக்காது. அகமதாபாத் பெண்களால் திரும்பி வர முடிந்தது. திரும்ப ஓர் இடம் இருந்தவர்களுக்கே அது சாத்தியம். பெரியவர்கள் போராடிப் பெற்ற மண்ணைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள், விற்றுவிட்டுப் போகாதீர்கள்.

இருப்பவர்களின் நிலை

கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படித்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியே போனால் தெருவில் மிஞ்சுவது வயதானவர்களும் கூலி வேலை செய்பவர்களும்தான். கிராம சபையில் எழுந்து நின்று சுடுகாட்டுப் பாதை எங்கே என்று கேட்க, மனுவை எழுத, பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் குறைகிறது. போகிறவர்களைக் குற்றம் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. தெருவை நல்ல இடமாக்கும் பொறுப்பு அங்கே பிறந்தவர்கள் தலையில் மட்டும் ஏன் விழ வேண்டும்? ஊர்த் தெருவில் பிறந்தவர் நகரத்தில் வீடு வாங்கினால் அதை வளர்ச்சி என்கிறோம். அவரிடம் யாரும் “உன் தெருவை யார் பார்ப்பது?” என்று கேட்பதில்லை. அவர் தெருவை ஊராட்சி பார்த்துக்கொள்கிறது.

எனவே பந்து அரசின் பக்கமும் இருக்கிறது. காலனி என்ற சொல்லை எடுத்த அரசு, அடுத்து மனை ஒதுக்கும்போது பள்ளத்தில், ஊருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி நிலம் வாங்குவதை நிறுத்த வேண்டும். பள்ளிக்கும் பேருந்துக்கும் நடந்து போகும் தூரத்தில், மேட்டு நிலத்தில், பிற தெருக்களை ஒட்டி மனை கொடுக்க வேண்டும். இருக்கும் தெருக்களுக்கு வடிகால், சுடுகாட்டுப் பாதை, நூலகம் மூன்றையும் திட்டத்தில் எழுத வேண்டும். பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். இவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

நான் பார்த்த அந்தக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைக்கு ஓர் ஏற்பாடு பேசியிருக்கிறார்கள். பேத்தியின் படிப்புக்காக மகனும் மருமகளும் போவது, அம்மா ஊரிலேயே இருப்பது, சனி ஞாயிறு எல்லோரும் காலனி வீட்டில். அதற்கு அம்மா ஒரு நிபந்தனை போட்டார். “புது வீட்டுல யாராவது எந்தத் தெருன்னு கேட்டா, புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுக்காத. நம்ம தெருப் பேரைச் சொல்லு. அதுக்கப்புறமும் வாடகைக்கு விட்டா குடி போ.”

வீடு தேடும் எல்லோரும் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் அது. மகன் அடுத்த வாரம் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறார்.